தாளில் மலரும் முளரி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அன்னவாசலில் நின்று மலரைப் பற்றிப் பேசுவோர் சித்தன்னவாசலை நினையாமல் பேச இயலாது. அறிவர் கோயிலின் விதானத்தில், சுண்ணச் சாந்தின்மேல் வண்ணங்கொண்டு தீட்டிய தாமரைக் குளம் இன்னும் வாடாதிருக்கிறது. மீனும் பறவையும் யானையும் உலவும் அக்குளத்தில் பூக்கொய்யும் மாந்தர் கையில் தாமரை தண்டோடு நிற்கிறது. ஒரு நாளில் வாடும் பூவை வாடாத பொருளில் நிறுத்திவைக்க மனிதன் கொண்ட வேட்கைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. கல்லிலும் வண்ணத்திலும் சொல்லிலும் மலரை நிறுத்திய அவ்வேட்கை, வெறும் தாளிலும் அதனை நிறுத்த முயன்ற கதையே இவ்வுரையின் பொருள். வண்ணம் இல்லை; கத்தி இல்லை; பசை இல்லை. ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே ரோசா மலரை எழுப்பும் முயற்சி அது.

ரோசா என்னும் மலர் தமிழுக்குப் பின்னாளில் வந்தது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் அதற்கு இடமில்லை. தனித்தமிழ் விழைந்தோர் இக்காலத்தில் அதற்கு ‘முளரி’ என்று பெயரிட்டனர். முளரி என்பது பழந்தமிழில் தாமரைக்கும் முட்செடிக்கும் வழங்கிய சொல். முள்ளுடைய தண்டில் பூக்கும் புதுமலருக்குப் பழைய சொல்லொன்று மடிந்துகொடுத்தது எனலாம்.

சொல்லுக்குள் இருக்கும் மடிப்பு

தாளில் பூச் செய்வது தமிழ்ச் சொல்லுக்கு அயலான செயலன்று. ‘தாள்’ என்றால் எழுதும் காகிதம். பூவின் தண்டும் தாளே. ‘ஏடு’ என்றால் சுவடியின் ஓலை. பூவின் இதழும் ஏடே. ‘மடல்’ என்றால் கடிதம். தாழையின் இதழும் மடலே. ‘இதழ்’ என்றால் பூவின் உறுப்பு. கவிஞர்கள் தம் கவிதையை அனுப்பிவைக்கும் ஏடும் இதழே. எழுதப்படுவதற்கும் பூப்பதற்கும் ஒரே சொல்லைப் பன்முறை ஆண்டிருக்கிறது இம்மொழி.

இவற்றினும் வியப்பானது தாவரவியல் தரும் செய்தி. காட்டு ரோசாவுக்குப் பெரும்பாலும் இதழ்கள் ஐந்தே. தோட்டத்து ரோசாவில் அடுக்கடுக்காகக் காணும் இதழ்களுள் பெரும்பாலானவை, மகரந்தத்தைத் தாங்கும் உறுப்புகள் இதழ்களாக உருமாறியதால் உண்டானவை. அவ்வுறுப்புக்குப் பாடநூல்கள் தரும் பெயர் மகரந்தத்தாள். ஆகவே, தாள் இதழாவது என்பது செடியிலேயே நிகழும் செயல். தாளை மடிப்போர் அச்செயலைக் கையால் செய்துபார்க்கின்றனர்.

விதி என்னும் வேலி

சப்பானியர் இக்கலையை ஓரிகாமி என்பர். ‘ஓரி’ மடித்தல்; ‘காமி’ தாள். ஒரே ஒரு சதுரத் தாள், வெட்டும் ஒட்டும் கூடாது என்பது இன்று பலரும் போற்றும் நெறி. ஆயினும் இந்நெறி தொடக்கம் முதல் இருந்ததன்று. 1797இல் சப்பானில் வெளியான ‘செம்பசுரு ஓரிகதா’ என்னும் நூல் ஒன்றோடொன்று இணைந்த நாரைகளைச் செய்யக் கற்பிக்கிறது. அதற்குத் தாளில் வெட்டுகளும் இடச்சொல்கிறது. வெட்டாமை என்பது பின்வந்தோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலி.

இதனைக் கவிஞர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும் என்பதை எவரும் இயற்கை விதி என்று கொள்வதில்லை. ஏற்றுக்கொண்ட விதி என்றே கொள்கிறோம். ஏற்றுக்கொண்டபின் அதற்குள்ளிருந்தே முடிவில் மலர வேண்டும். விதியை மீறியும் நல்ல கவிதை பிறக்கும். அது வேறொரு விதியை ஏற்றுக்கொள்வதால் பிறப்பது. தாள் மடிப்பிலும் அப்படியே.

தாமரை எளிது, ரோசா அரிது

தாளில் தாமரை செய்வது எளிது. சதுரத்தின் நான்கு முனைகளையும் நடுவுக்கு மடித்து, மீண்டும் நடுவுக்கு மடித்து, தாளைத் திருப்பி மீண்டும் அவ்வாறே செய்து, பின்புறம் உள்ள முனைகளை முன்னே இழுத்துவிட்டால் இதழ் அடுக்குகள் நடுவைச் சூழ்ந்து நிற்கும். தாமரையின் ஒழுங்கு வட்ட ஒழுங்கு. நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் ஒத்து விரிவது. சதுரத்தின் ஒழுங்கும் அதற்கு இசைவானது.

ரோசாவின் ஒழுங்கு அத்தகையதன்று. அதன் இதழ்கள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்று உள்ளே செல்வன. ஓரிதழின் ஒரு விளிம்பு அடுத்த இதழின் மேலும் மறு விளிம்பு முந்தைய இதழின் கீழுமாக அமையும். முனைகளை நடுவுக்கு மடிக்கும் பழைய முறையில் ரோசா செய்ய முயன்றோர்க்குக் கிடைத்தது தாமரையோ முட்டைக்கோசோ என்று ஐயுறத்தக்க ஒரு வடிவமே. வெளிமுனைகளைச் சுருட்டிவிட்டாலும் நடுவில் சுழல் வருவதில்லை. அடுக்குதல் வேறு, சுழலுதல் வேறு என்பதை அம்முயற்சிகள் உணர்த்தின.

சுழலைத் தாளில் கொணரும் வழியைத் திருகு மடிப்பு காட்டியது. தாளின் நடுவில் ஒரு சிறு சதுரத்தைக் குறித்து, அதன் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு கொசுவங்களை வெளிநோக்கி ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஒருசேர மடித்தால் நடுச்சதுரம் தன்னிடத்திலேயே திரும்பும். சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகும்போது துணி சற்றே திரும்புவதை ஒத்தது இது. சப்பானிய ஆசிரியர் ஷூசோ புஜிமோதோ இத்தகைய திருகல்களை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அதனை ரோசாவாக்கிப் புகழ்பெற்றவர் கணித அறிஞர் தோஷிகாசு கவாசாகி. 1987இல் ஆங்கிலத்தில் வெளியான கசஹாரா, தகஹாமா இருவரின் நூல் வழியே அவருடைய ரோசா உலகெங்கும் பரவியது.

கவாசாகி நிறுவிய தேற்றமொன்றும் உண்டு. கோதி ஹுசிமி, ழாக் ழுஸ்தின் ஆகியோரும் தனித்தனியே கண்ட உண்மை அது. தாளில் ஒரு புள்ளியில் பல மடிப்புக் கோடுகள் கூடுகின்றன எனக் கொள்வோம். அப்புள்ளியைச் சுற்றிய கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வரவேண்டும். எஞ்சியவற்றின் கூட்டுத்தொகையும் 180 பாகையே ஆகவேண்டும். அவ்வாறு வந்தால் மட்டுமே அப்புள்ளியைச் சூழ்ந்த தாள் தட்டையாகப் படியும். வாராவிடில் எங்கோ ஓரிடத்தில் கசங்கும். தளை தட்டும் இடத்தைச் செவி உணர்வதுபோல, இக்கணக்குப் பிழைத்த இடத்தை விரல் உணர்ந்துவிடும்.

ஒருங்கே எழும் மடிப்பு

ரோசாவை மடிப்போர் முதலில் மலரைச் செய்வதில்லை, கோடுகளைச் செய்கின்றனர். தாளைச் சம கட்டங்களாகவும் குறுக்குக் கோடுகளாகவும் மடித்து, மடித்ததை எல்லாம் விரித்துவிடுவர். பாதிப் பொழுது இதற்கே செல்லும். அப்பொழுது தாள் மீண்டும் தட்டையாக, ஒன்றுமே செய்யாதது போல, ஆனால் உடலெங்கும் கோடுகளோடு கிடக்கும். விரித்தபின்னும் தாள் மறவாத நினைவே மடிப்புக் கோடு.

அடுத்து வருவதே கடினமான இடம். ஒரு கோட்டை மடித்து முடித்து மறுகோட்டுக்குச் செல்ல இயலாது. ஒன்றை மடித்தால் மற்றொன்று விரியும். நான்கு பக்கக் கோடுகளையும் சிறிது சிறிதாக ஒரே வேளையில் அழுத்தி, நடுவைத் திருக்கவேண்டும். திருகல் முற்றும் தட்டையாகப் படியவிடாமல், சுற்றியுள்ள பகுதியை நிமிரச் செய்தால் நான்கு சுவர்களும் சுழன்று எழுந்து மலரின் உடலாகும். அடிப்பக்கத்தில் நான்கு மடல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகிப் பெட்டியை மூடுவதுபோல் மூடுவர். இறுதியில் மேல்விளிம்புகளைப் பென்சிலிலோ குச்சியிலோ சுருட்டிவிட்டால் இதழ்கள் வெளிநோக்கி வளையும். முதன்முறை முயல்வோர் பெரும்பாலும் தோற்பது அந்த நடுத்திருகலில்தான். கை பழகியபின் அது நொடியில் நிகழ்ந்துவிடும்.

மடிப்பின் ஆராய்ச்சி இவ்விடத்திலிருந்து கிளை விடுகிறது. நடுச்சதுரத்தின் அளவை மாற்றினால் மலரின் உயரமும் அகலமும் மாறும். திருகும் திசையை மாற்றினால் கண்ணாடியில் தோன்றும் மலர் போல இடவல மாற்றம் பெறும். தொடங்கும் தாளின் வடிவையே மாற்றினால் இதழ்களின் எண்ணிக்கை மாறும். நவோமிகி சாதோ என்பார் சதுரத்தை விடுத்து ஐங்கோணத் தாளில் ரோசா மடித்தார். சதுரம் நான்கு இதழ்களையே தர, ஐங்கோணம் காட்டு ரோசாவின் ஐந்து என்னும் எண்ணைத் திரும்பப் பெற்றுத்தந்தது.

1893இல் சென்னையில்

ஐங்கோணம் என்றவுடன் தமிழ்நாட்டு மண்ணைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்தல் கடமையாகிறது. தண்டலம் சுந்தரராவ் என்பவர் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாள் மடிப்பின் வழி வடிவியற் பயிற்சிகள் என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை அவர் 1893இல் சென்னையில் வெளியிட்டார். செருமானிய அறிஞர் பிரோபெல் கண்ட குழந்தைக் கல்விமுறையில் பயன்பட்ட வண்ணத் தாள்களே இந்நூலுக்குத் தூண்டுகோல். வட்டக்கருவியும் அளவுகோலும் வேண்டாம். சில தாள் துண்டுகளும் ஒரு சிறு கத்தியும் போதும் என்று தொடங்குகிறது அந்நூல். சதுரத்திலிருந்து ஐங்கோணத்தைப் பெறும் வழிக்குத் தனி இயலே உண்டு. செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் குறிப்பிட்டார். அதன்வழி அறிந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பெமன், சிமித் இருவரும் அதனைத் திருத்திச் சிகாகோவிலிருந்து 1901இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தனர்.

சுந்தரராவின் நூலில் ஓர் எல்லை இருந்தது. கன மூலத்தைத் தாள் மடிப்பால் துல்லியமாகப் பெற இயலாது என்னும் கருத்து அதில் உட்கிடையாக உண்டு. அவர் மேற்கொண்ட மடிப்புகளுக்கு அது பொருந்துவதே. ஒரு கோடு, பின் மறுகோடு என ஒன்றன்பின் ஒன்றாக வருவன அவை. 1936இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரித்தா பெலோக் அவ்வெல்லையைக் கடந்தார். அவர் புதுத் தாளையோ புதுக் கருவியையோ நாடவில்லை. இரண்டு புள்ளிகளை ஒரே மடிப்பில், ஒரே வேளையில், இரண்டு கோடுகளின்மேல் சென்று பொருந்தச் செய்தார். ஒன்றைப் பொருத்திப் பின் மற்றொன்றைப் பொருத்த முயன்றால் வாராத விடை, இரண்டையும் ஒருங்கே பொருத்தும்போது வந்தது.

தாள் மடிப்பின் வரலாறு கவிஞர்களுக்குக் கூறுவது இதுவே: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து அடையமுடியாத சிலவற்றை ஒருங்கே செய்து அடையலாம். பெலோக்கின் விடையும் கவாசாகியின் ரோசாவும் இவ்வகையில் உறவினர். எதுகையை முதலில் அமைத்து, உவமையைப் பின்னர்ச் சேர்த்து, உணர்ச்சியை இறுதியில் ஏற்றும் கவிதை, முனைகளை நடுவுக்கு மடித்த ரோசா போன்றது. அடுக்கு இருக்கும், சுழல் இராது. ஒலியும் பொருளும் ஒரே வேளையில் திரும்பும் இடத்தில்தான் கவிதை நிமிர்கிறது. ஆனால் கோடுகளை முன்னமே இடாத தாளில் அத்திருகல் நிகழாது என்பதும் உடன்கொள்ளத்தக்கது. படிப்பும் பயிற்சியும் எழுதி அடித்த வரிகளும் அக்கோடுகள். முடிந்த மலரில் அவை தெரிவதில்லை. அவையின்றி மலரும் இல்லை.

தாளின் குணம்

எந்தத் தாளிலும் ரோசா வாராது. ஆலைத் தாளுக்கு நாரோட்டம் உண்டு. மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் முரண்டியும் வளையும். நாரோட்டத்துக்கு எதிராக அழுத்தி மடித்த கோடு வெடிக்கும். கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. மரத்தை மட்டுமே நம்பாமல் தாள் தரும் அருஞ்செயல் அது. ஆயினும் கரும்புச் சக்கையின் நார் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. சப்பானியர் கையால் செய்யும் தாளுக்குரிய கோசோ மரப்பட்டையின் நாரோ ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுடையது. ஆதலால் அது பலமுறை மடித்து விரித்தாலும் கிழிவதில்லை. எழுதுதாளில் முயல்வோர் முதலில் பெரிய சதுரத்தில் தொடங்குதல் நன்று. பழகியபின் 15 சென்டிமீட்டர் சதுரம் போதும். கிடைக்கும் மலர் உள்ளங்கைக்குள் அடங்கும்.

சுருட்டிய இதழ் மீண்டும் நிமிர்ந்துவிடுவது மற்றொரு குறை. அதற்கு விடை கண்டவர் அகிரா யோஷிசாவா (1911–2005). பசைப்பொருள் ஏற்றிய கனத்த தாளைச் சிறிதே ஈரமாக்கி மடித்தால், ஈரத்தில் இளகிய பசை உலரும்போது வளைவைப் பிடித்து நிறுத்தும். கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்பு கலையாதிருப்பதை அறிந்த எவர்க்கும் இது புதிதன்று. ஈரம் மிகுந்தால் தாள் குழையும், குறைந்தால் வளையாது. அளவு கைக்குத்தான் தெரியும்.

பெயரும் குறியீடும்

யோஷிசாவாவின் பெருங்கொடை மற்றொன்று. மலைமடிப்புக்கு ஒரு கோடு, பள்ளமடிப்புக்கு ஒரு கோடு, திசைக்கு ஓர் அம்பு என அவர் வகுத்த குறியீட்டை 1954இல் வெளியான அவர் நூலில் காணலாம். பின்னர் சாமுவேல் இராண்லெட் முதலியோர் அதனைச் செப்பமாக்கிப் பரப்பினர். இன்று எம்மொழியினரும் எம்மொழி நூலையும் பார்த்து மடிக்க இயல்வது இதனாலேயே.

பிறர் வகுத்த வரைவைப் பார்த்து மடிப்பது படைப்பாகுமா என்னும் வினா இங்கே எழுகிறது. தொல்காப்பியர் முதல்நூல், வழிநூல் என இரண்டு வகுத்து, வழிநூலை நான்காக விரித்து, அவற்றுள் தொகுத்தலையும் விரித்தலையும் வைத்தார். மடிப்போர் செய்வதும் தொகுத்தலும் விரித்தலுமே. வழிநூல் இழிவன்று; முதல்நூலை மறைப்பதே இழிவு. 2011இல் ஓர் ஓவியர், மடிப்புக் கலைஞர்கள் வரைந்த கோட்டு வரைவுகளைப் பெயர் சுட்டாமல் தம் ஓவியங்களுக்கு எடுத்தாண்டார் என்று இராபர்ட் லாங், கவாசாகி உள்ளிட்ட கலைஞர் அறுவர் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். 2013இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. மடிக்காத வெறும் கோடுகளுக்கும் ஆசிரியர் உண்டு என்பதை அது உலகுக்கு நினைவூட்டியது.

நம் பக்கத்து மடிப்புகளுக்கோ பெயரும் இல்லை, குறியீடும் இல்லை. பனையோலையை வெட்டித் தைக்காமல் கூட்டி மடித்துப் பதநீர் ஊற்றிக் குடிக்கும் பட்டை, மளிகைக் கடையில் கண் பாராமல் கை மடித்த பொட்டலம், மழைநீரில் பிள்ளைகள் விட்ட கத்திக்கப்பல், ஓலையில் முடைந்த கிலுகிலுப்பை ஆகிய யாவும் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றவை. பிளாஸ்டிக் பை வந்தபின் பொட்டலம் மடிக்கும் கை அருகியது. பட்டை மடிக்க அறிந்தோர் பனையேறுவோரோடு குறைந்து வருகின்றனர். வாய்மொழிப் பாடலைத் தொகுக்க வேண்டும் என்று உணர்ந்த தமிழுலகம் கைமொழி மடிப்பைத் தொகுக்க இன்னும் முனைந்து எழவில்லை. பாடலைச் செவியால் கேட்டு எழுதிவிடலாம். மடிப்பையோ அறிந்தவர் கையருகே அமர்ந்து, மடித்து, விரித்து, மீண்டும் மடித்துத்தான் எழுதமுடியும். சுந்தரராவின் நூல் சென்னையில் அச்சேறி நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. குழந்தையின் விளையாட்டுத் தாளைக் கணிதத்தின் ஏடாகக் கொள்ளலாம் என்று இம்மண்ணிலிருந்து ஒருவர் காட்டியபின்னும், மடிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது முறையாகாது.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்து, ஆராய்ந்து, தொகுத்து வந்திருக்கிறது. அடுத்துவரும் ஆண்டுகளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு மடிப்பையேனும் அறிந்தவர் பெயரோடு குறியீட்டில் எழுதிவைத்தால், தமிழில் முதல்நூல் ஒன்றுக்கு வித்திட்டவர் ஆவர். தாளை எடுப்போர் முதல் மலர் கசங்கியதென்று எறிந்துவிட வேண்டுவதில்லை. அதனை விரித்துப் பார்த்தால் எக்கோடு பிழைத்தது என்பதை அத்தாளே சொல்லும். அடுத்த மலருக்கு அதனினும் நல்ல ஆசான் இல்லை.